கல் தெறித்த பொனெட்டுக்கு எது சரி: டச்சப்பா, முழுப் பெயின்ட்டா, ஃபிலிமா?

திருகோணமலையிலிருந்து கொழும்புக்கு அடிக்கடி ஓடுகிற எந்தக் காரின் முன்பக்கத்தையும் கிட்டப் போய்ப் பாருங்கள். பொனெட்டின் முன் விளிம்பிலும் பம்பரிலும் கண்ணாடிக்குப் பக்கத்துத் தூண்களிலும் சின்னச் சின்னப் புள்ளிகள் இருக்கும், வெள்ளைக் காரில் கறுப்பாக, கறுப்புக் காரில் வெள்ளையாக. இதற்கு என்ன செய்வது என்று கேட்கிறவர்களுக்கு ஏற்கெனவே நாலு பேர் நாலு விதமாகச் சொல்லியிருப்பார்கள். கராஜில் "பொனெட்டை முழுசா அடிச்சு விடுவம்" என்பார்கள். கொழும்பில் இருக்கிற மச்சான் "ஃபிலிம் ஒட்டு" என்பான். சர்வீஸ் ஸ்டேசனில் "செரமிக் போட்டா கல்லே பிடிக்காது" என்பார்கள். அப்பா "ஓடுற வாகனம்தானே, கிடக்கட்டும்" என்பார். இவற்றில் செரமிக் பற்றிச் சொன்னது மட்டும் பிழை. மற்ற மூன்றும் ஏதோ ஒரு காருக்குச் சரியான பதில்தான். இவற்றோடு, புள்ளியை மட்டும் அதே நிறப் பெயின்ட்டால் மூடுகிற டச்சப்பும் உண்டு. உங்கள் காருக்கு எது என்பதுதான் கேள்வி.

என் முடிவை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். கடலுக்குப் பக்கத்தில் இருக்கிற நமக்குக் கறள்தான் முதல் எதிரி, அழகு அதற்குப் பிறகு. அடுத்தது, கொம்பனி பெயின்ட், அதாவது தொழிற்சாலையிலேயே அடித்து வந்த பெயின்ட், உறுதியாக ஒட்டிக்கொண்டிருக்கும் வரைக்கும் சில புள்ளிகளுக்காக அதைத் தேய்த்து எறியக்கூடாது. கீழே வருகிற ஒப்பீடு எல்லாம் இந்த இரண்டையும் வைத்துத்தான்.

## நம் பக்கத்தில் ஏன் இது பெரிய விசயம்

ஏ6 வீதி நல்ல வீதிதான். ஆனால் கந்தளாய், ஹபரணை வரைக்கும் வேகமாகப் போகலாம் என்பதே பிரச்சினையின் பாதி. முன்னால் மண் டிப்பரோ சீமெந்து லொறியோ போகும், ஓரத்துச் சரளைக்கல்லில் அதன் சில்லு ஏறி இறங்கும், நாம் முந்துவதற்காக அதன் பின்னாலேயே ஒட்டிக்கொண்டு போவோம். மோதும் சக்தி வேகத்தின் வர்க்கத்தோடு ஏறுகிறது. 60இல் போகும்போது படுகிற கல்லைவிட 80இல் போகும்போது படுகிற அதே கல் ஏறக்குறைய 1.8 மடங்கு சக்தியோடு அடிக்கும். முன்னால் போகிற வாகனத்தோடு இடைவெளி விடுவதைவிட மலிவான பெயின்ட் பாதுகாப்பு எதுவும் இல்லை.

இரண்டாவது உப்பு. உப்புவெளி, நிலாவெளி, குச்சவெளி என்று கரையோரமாகவே வீடும் வேலையும் உள்ளவர்களின் கார்மேல் ராத்திரி முழுக்க உப்பு ஈரம் படியும். கடலுக்குத் தள்ளியுள்ள ஊர்களில் ஒரு புள்ளி மெதுவாகத்தான் கறள் பிடிக்கும், இங்கே வெறும் இரும்பு தெரிந்தால் கொஞ்ச நாளிலேயே பழுப்பு நிறம் காட்டும். மூன்றாவது வெயில். நாள் முழுக்க நிழல் இல்லாத இடத்தில் நிற்கிற காரின் பொனெட்டும் கூரையும்தான் முதலில் மங்கும்.

இதோடு கார்களின் வயதையும் சேர்த்துக்கொள்ளுங்கள். 2020 மார்ச்சில் நிறுத்தப்பட்ட வாகன இறக்குமதி, தனியார் கார்களுக்கு 2025 தொடக்கத்தில்தான் திரும்பத் திறந்தது. அதனால் நம் வீதியில் ஓடுகிற விட்ஸ், அக்சியோ, அக்குவா, வேகன்ஆர், அல்டோ எல்லாம் பத்து வருசம் தாண்டியும் நல்ல விலையில் கைமாறுகின்றன. பழைய பெயின்ட், விலை கூடிய கார், இந்த இரண்டும் சேரும்போது பிழையான முடிவு செலவு கூடியதாகிவிடுகிறது.

## முதலில் காயம் எவ்வளவு ஆழம் என்று பாருங்கள்

கார் பெயின்ட் என்பது ஒரே பூச்சு இல்லை. இரும்புக்கு மேல் கறள் தடுக்கிற அடிப்பூச்சு, அதற்கு மேல் நிறத்தைப் பிடிக்கவைக்கிற ப்ரைமர், பிறகு நிறம், எல்லாவற்றுக்கும் மேலே நிறமில்லாத பளபளப்புப் பூச்சான கிளியர். இத்தனையும் சேர்த்தே பெரும்பாலான கார்களில் 100 முதல் 150 மைக்ரோன் வரைதான், ஒன்றிரண்டு தலைமயிரின் தடிப்பு என்று வைத்துக்கொள்ளுங்கள். கிளியர் மட்டும் 40, 50 மைக்ரோன் வரும். கல் எந்த அடுக்கு வரை போயிருக்கிறது என்பதை வைத்துத்தான் வைத்தியம்.

காரைக் கழுவிக் காயவிட்டு, காலை வெளிச்சத்தில் பாருங்கள். நகத்தால் தடவினால் பிடிக்கவில்லை, லேசாக வெளிறித் தெரிகிறது என்றால் கிளியர் மட்டும்தான், அவசரம் இல்லை. நிறம் போய்ச் சாம்பலோ மங்கலான வேறு நிறமோ தெரிந்தால் ப்ரைமர் அல்லது அடிப்பூச்சு இன்னும் இருக்கிறது, நேரம் இருக்கிறது, ஆனால் மழைக்கு முன் மூடவேண்டும். பளபளவென்று உலோகமோ பழுப்போ தெரிந்தால் இந்த வாரமே ஏதாவது செய்யவேண்டும். பம்பர் பிளாஸ்டிக், அங்கே கறள் என்ற பேச்சே இல்லை, எனவே பம்பர் புள்ளியையும் பொனெட் புள்ளியையும் ஒரே கணக்கில் பார்க்காதீர்கள்.

சில கார்களில் பொனெட்டே இரும்பு இல்லை. பிரியஸின் இரண்டாம், மூன்றாம் தலைமுறைகளில் பொனெட் அலுமினியம். காந்தம் வைத்துப் பார்த்தால் தெரிந்துவிடும், ஒட்டாது. அலுமினியத்தில் பழுப்புக் கறள் வராது, ஆனால் உப்புப் பட்டால் பெயின்ட்டுக்கு அடியில் வெள்ளைத் தூளாகப் பூத்து மேலே கொப்புளம் கிளப்பும். அதனால் அதையும் திறந்தபடி விட முடியாது.

கடைசியாக ஒரு சோதனை, இதைப் பலர் செய்வதில்லை. பெயின்டர்கள் பாவிக்கிற மாஸ்கிங் டேப்பில் ஒரு துண்டைப் புள்ளிக்கு மேல் அழுத்தி ஒட்டி, சடாரென்று இழுங்கள். டேப்பில் எதுவும் வராவிட்டால் உங்கள் பெயின்ட் ஆரோக்கியமாக இருக்கிறது, கல் பட்டது மட்டும்தான் குறை. புள்ளியைச் சுற்றிச் செதிலாகக் கழன்று வந்தால் பிடிமானமே போய்விட்டது, அது கல்லடிப் பிரச்சினை இல்லை, பெயின்ட் பிரச்சினை. வெள்ளை நிற டொயோட்டாக்கள் சிலவற்றில் இது தெரிந்த விசயம். நிற எண் 040 என்ற வெள்ளையும் 070 என்ற முத்து வெள்ளையும் அடித்த சில மொடல்களில், வெயில் பட்டுப் பட்டு அடிப்பூச்சுக்கும் உலோகத்துக்கும் இடையிலான ஒட்டுதல் தளர்ந்து பெயின்ட் உரிவதை ஒத்துக்கொண்டு, வட அமெரிக்காவில் டொயோட்டாவே தன் செலவில் திருத்திக் கொடுக்கும் திட்டம் ஒன்றை நடத்தியது. இங்கே நாம் ஓட்டுவது பெரும்பாலும் ஜப்பானிலிருந்து பழசாக வந்த கார், அந்தத் திட்டம் நமக்குப் பயன்படாது. ஆனாலும் வெள்ளைக் காரில் ஒரு புள்ளி வர வர அகலமாகிக்கொண்டே போனால் இதை நினைவில் வைத்துக்கொள்ளுங்கள்.

## எதை வைத்து ஒப்பிடுகிறோம்

ஐந்து கேள்விகள். கறளை நிறுத்துமா? கொம்பனி பெயின்ட் மிஞ்சுமா? சொல்கிற விலைக்கு வெளியே என்ன செலவு வரும்? இந்த வெயிலிலும் உப்பிலும் எத்தனை காலம் நிற்கும்? திருகோணமலையிலேயே செய்ய முடியுமா, கொழும்புக்குக் கொண்டுபோகவேண்டுமா? கிட்டப் போனால் தெரியாதபடி இருக்குமா என்பதை நான் ஆறாவதாகத்தான் வைப்பேன். உங்களுக்கு அது முதலாவதாக இருந்தால் முடிவும் மாறும், அதில் பிழை இல்லை.

## ஒன்று: அப்படியே விடுவது

இதுவும் ஒரு முடிவுதான், சோம்பல் என்று ஒதுக்கவேண்டாம். பம்பரில் உள்ள புள்ளிகள், கிளியரோடு நின்ற கீறல்கள், வாடகைக்கு ஓடுகிற வானில் உள்ள பழைய அடிகள், இவற்றை விடலாம். ஒரு காசும் போகாது, பெயின்ட்டும் அப்படியே இருக்கும்.

மறைந்திருக்கிற செலவு உலோகம் தெரிகிற புள்ளியில்தான். மேலே ஊசிமுனை அளவு தெரிந்தாலும் கறள் பெயின்ட்டுக்கு அடியில் பக்கவாட்டாகப் போகும். கொப்புளம் எழும்புகிற நேரத்தில் கீழே அதைவிடப் பெரிய வட்டம் அரிபட்டிருக்கும். அப்புறம் டச்சப் போதாது, தகரத்தையே தேய்க்கவேண்டி வரும். இன்னொன்று, சர்வீஸ் ஸ்டேசனில் பிரஷர் தண்ணீர் அடிக்கும்போது திறந்த புள்ளியின் விளிம்பைக் கிட்டப் பிடித்து அடித்தால் பெயின்ட் கிளம்பும். "முன்பக்கத்துக்குத் தள்ளிப் பிடிச்சு அடிங்க அண்ணன்" என்று சொல்லிவிடுங்கள், அவர்களுக்கும் அது தெரிந்ததுதான்.

## இரண்டு: டச்சப்

என் கணிப்பில் திருகோணமலைக் கார்களில் பெரும்பாலானவற்றுக்கு இதுதான் சரியான பதில். ஆனால் இதைத்தான் ஆட்கள் ஆகக் கவனமில்லாமல் செய்கிறார்கள். கடையில் "வெள்ளை டச்சப் ஒன்று தாங்க" என்று வாங்கி, கழுவாத பொனெட்டில் மத்தியான வெயிலில் ஒரு பொட்டு வைத்துவிட்டு, சரிவரவில்லை என்று கராஜுக்குப் போகிறார்கள்.

வெள்ளையில் மட்டும் எத்தனையோ வெள்ளை. காரின் நிற எண்ணைப் பாருங்கள். டொயோட்டாவிலும் ஹொண்டாவிலும் பெரும்பாலும் ட்ரைவர் கதவைத் திறந்தால் தூணில் ஒட்டியிருக்கிற ஸ்டிக்கரில் இருக்கும், சில கார்களில் பொனெட்டுக்கு அடியில் உள்ள தகட்டில் இருக்கும். அந்த எண்ணைச் சொல்லிப் பெயின்ட் கலக்கிற கடையில் சின்னப் போத்தல் அளவு கலக்கி வாங்கலாம். சாதா வெள்ளை, சாதா சிவப்பு, சாதா கறுப்பு எளிது. சில்வர் போன்ற மெட்டாலிக் கொஞ்சம் கஷ்டம், தூரிகையால் வைக்கும்போது உள்ளிருக்கும் துகள் வேறு மாதிரிப் படிந்து சற்றுக் கருமையாகத் தெரியும். முத்து வெள்ளை ஆகக் கஷ்டம், அதில் அடிநிறம், முத்துப்பூச்சு, கிளியர் என்று மூன்று அடுக்கு. வெறும் அடிநிறத்தை மட்டும் வைத்தால் சுண்ணாம்புப் பொட்டுப் போல நிற்கும். முத்து வெள்ளைக் காருக்கு டச்சப் வேண்டாம் என்று சொல்லவில்லை, கறளை நிறுத்தும், ஆனால் மறையும் என்று எதிர்பார்க்காதீர்கள்.

செய்கிற முறை இது. நன்றாகக் கழுவி உப்பையும் மெழுகையும் போக்குங்கள், ஐசோப்ரோபைல் அல்ககோலால் புள்ளியை மட்டும் துடையுங்கள். தளர்ந்து நிற்கிற பெயின்ட் விளிம்பைப் பல் குத்தும் குச்சியால் தட்டி எடுங்கள், எடுக்காவிட்டால் புதுப் பெயின்ட் அதோடு சேர்ந்தே கழன்று வரும். இரும்பில் பழுப்பு இருந்தால் சாண்ட் பேப்பரை ஒரு தென்னங்குச்சி நுனியில் சின்னதாக ஒட்டி, உலோகம் பளிச்சென்று வரும்வரை சுரண்டுங்கள். குழிக்குள் ஒளிந்திருப்பதற்குக் கறள் மாற்றி (rust converter) ஒரு துளி வைத்து, போத்தலில் சொன்ன நேரம் விட்டுத் துடையுங்கள். வெறும் உலோகம் என்றால் ப்ரைமர் கட்டாயம், நிறப் பெயின்ட்டை நேரே இரும்பில் வைத்தால் உப்புக் காற்றுக்கு அது நிற்காது. அதற்குப் பிறகு நிறம், ஒரே தடவையில் ஒரு பெரிய துளியாக இல்லாமல் மெல்லிய இரண்டு மூன்று அடுக்காக, ஒவ்வொன்றும் காய்ந்த பிறகு அடுத்தது. மேலே கிளியர். ஒரு கிழமையாவது விட்ட பிறகு, மேடாக நின்றால் மட்டும், 2000, பிறகு 3000 சாண்ட் பேப்பரைத் தண்ணீரில் நனைத்து அந்தப் புள்ளியை மட்டும் சமப்படுத்திப் பொலிஷ் போடலாம். கை பழகாதவர்கள் இந்தக் கடைசிப் படியை விட்டுவிடுவதே நல்லது, சுற்றியுள்ள நல்ல கிளியரையும் சேர்த்துத் தேய்த்துவிடுவீர்கள்.

நேரம் முக்கியம். வாடைக்காற்று மழை ஒக்டோபர் அளவில் தொடங்கும், அதற்கு முன் முடித்துவிடுங்கள். மழை ஈரத்தில் வைத்தால் பெயின்ட் பால் போல வெளிறும். கச்சான் அடிக்கிற மாதங்களில் ஈரம் குறைவு, ஆனால் காற்றும் தூசியும் கூட, மத்தியானத்தில் பொனெட் சட்டி போலச் சுடும். காலை ஏழு, எட்டு மணி, நிழல், காற்றடங்கின நேரம், அதுதான் பொருத்தம்.

மறைந்த செலவு உங்கள் நேரமும் பொறுமையும்தான். அதோடு, வெயிலில் மங்கிய பத்து வருசப் பெயின்ட்டுக்குப் பக்கத்தில் எண்படி கலக்கிய புது நிறம் சற்றே பளிச்சென்று தெரியும். நான்கு அடி தள்ளி நின்று பார்த்தால் தெரியாது, குனிந்து பார்த்தால் தெரியும், அவ்வளவுதான்.

ஸ்ப்ரே கேன் பற்றியும் கேட்கிறார்கள். புள்ளிக்குக் கேன் வேண்டாம், ஒரு ஊசிமுனையை மூடப் போய்ச் சாண் அகலத்துக்கு மங்கல் வளையம் வரும். கடினப்படுத்தி கலந்த இருபகுதிக் கிளியர் கேன்கள் உறுதியானவைதான், ஆனால் அவற்றில் உள்ள ஐசோசயனேட் நுரையீரலுக்கு ஆபத்து, ஆஸ்துமாவைக் கொண்டுவரும். சாதாரணத் துணி முகக்கவசத்தோடு வீட்டு விறாந்தையில் அடிக்கிற பொருள் இல்லை அது.

## மூன்று: பொனெட்டை முழுதாகப் பெயின்ட் அடிப்பது

கராஜ் சொல்கிற முதல் பதில் பெரும்பாலும் இதுதான், கேட்பவருக்கும் இதுதான் திருப்தி: காலையில் விட்டால் இரண்டு மூன்று நாளில் பளபளவென்று திரும்பி வரும். நல்ல கை அடித்தால் உண்மையிலேயே அழகாக இருக்கும், நம் ஊரில் நல்ல கைகள் இருக்கின்றன. எனக்கு இதில் உள்ள தயக்கம் வேறு.

தொழிற்சாலையில் பெயின்ட் வெறும் தகரக் கூட்டின்மேல் ஏறுகிறது, 140 பாகை செல்சியஸ் அளவில் சூளையில் வேகிறது. கராஜில் அந்த வெப்பம் கொடுக்க முடியாது, காரில் ரப்பர், பிளாஸ்டிக், வயர் எல்லாம் இருக்கிறது, நல்ல பெயின்ட் அறையிலேயே 60 பாகை அளவுதான். திறந்த கொட்டகை என்றால் அதுவும் இல்லை, வெயில் காய்ச்சினால் உண்டு. அதனால் மாற்றி அடித்த பெயின்ட் எவ்வளவு நல்லதாக இருந்தாலும் கொம்பனி பெயின்ட்டின் உறுதியை எட்டுவது கஷ்டம். பழையதைச் சரியாகத் தேய்க்காமல் மேலே மேலே ஏற்றித் தடிப்பாகிவிட்டால் இன்னும் மோசம், அடுத்த கல் படும்போது புள்ளியாக இல்லாமல் செதிலாகக் கழன்று வரும்.

அடுத்தது விற்கிற நேரம். இப்போது கார் பார்க்க வருகிறவர்கள் பெயின்ட் தடிப்பு அளக்கிற கருவியோடு வருகிறார்கள். மற்ற இடமெல்லாம் 110, 120 காட்டி, பொனெட் மட்டும் 250 காட்டினால் "எங்க அடிபட்டது?" என்பதுதான் முதல் கேள்வி. நாலு கல்லடிக்காகத்தான் அடித்தேன் என்று நீங்கள் உண்மையைச் சொன்னாலும் நம்பவைப்பது சிரமம். புள்ளிகள் உள்ள ஒரிஜினல் பொனெட்டுக்கு வாங்குபவர் கொஞ்சம் பேரம் பேசுவார், அடித்த பொனெட்டுக்குக் காரின் சரித்திரத்தையே சந்தேகிப்பார். அடிப்பதென்று முடிவெடுத்தால் முன்பும் இடையிலும் படம் எடுத்து வையுங்கள், நெளிவை நிரப்பப் பூசுகிற பட்டி இல்லாத வெறும் தகரம் தெரிகிற படம் பிறகு பேசும்.

இன்னும் சில செலவுகள் விலைச்சீட்டில் இருக்காது. சில்வர், முத்து நிறங்களில் பொனெட் மட்டும் அடித்தால் பக்கத்து மட்கார்ட்டோடு நிறம் சேராது, அதனால் இரண்டு பக்கமும் கொஞ்சம் இழுத்து அடிக்கவேண்டும், அதாவது மூன்று பெனலின் கொம்பனி பெயின்ட் போகிறது. ரப்பர் விளிம்புகளைக் கழற்றாமல் டேப் ஒட்டி அடித்தால் சில வருசத்தில் அந்தக் கோட்டிலிருந்துதான் கிளியர் உரியும்.

கராஜில் கேட்கவேண்டியவை: "பழையதை எதுவரைக்கும் தேய்ப்பீங்க?" "பட்டி போடுவீங்களா, எங்க?" "வெறும் தகரம் வந்தா எப்பொக்ஸி ப்ரைமர் அடிப்பீங்களா?" "கிளியர் எந்தக் கொம்பனி, கடினப்படுத்தி கலக்கிறதா?" "அடிச்சுக் கொஞ்சக் காலத்தில உரிஞ்சா திரும்பச் செய்து தருவீங்களா?" நல்ல பெயின்டர் இந்தக் கேள்விகளுக்குக் கோபிக்கமாட்டார், வேலை தெரிந்த ஆள் வந்திருக்கிறார் என்று அதற்கேற்ப நடப்பார். எப்பொக்ஸி ப்ரைமர் கேள்வியை மட்டும் விடவே விடாதீர்கள், உப்புக் காற்றில் கீழே இருக்கிற அந்த அடுக்குத்தான் காரைக் காப்பது.

எப்போது இதுதான் சரி? டேப் சோதனையில் பெயின்ட் கழன்று வந்தால். முன் விளிம்பு முழுக்க மண் வீசியது போலப் பொரிந்திருந்தால். கறள் கொப்புளங்கள் பல இடத்தில் எழும்பியிருந்தால். அல்லது பொனெட்டில் எப்படியும் நெளிவு எடுக்க வேண்டியிருந்தால். இந்த நிலைகளில் டச்சப் செய்துகொண்டே இருப்பது காசையும் தகரத்தையும் வீணாக்குவதுதான்.

முழுக் காப்புறுதி இருக்கிறதே, அதில் அடிக்கலாமே என்று நினைப்பவர்கள் முதலில் முகவரிடம் இரண்டு விசயம் கேளுங்கள்: கல் தெறிப்பை விபத்தாக எடுப்பார்களா அல்லது தேய்மானமாகத் தள்ளுவார்களா, எடுத்தால் நோ கிளெய்ம் போனஸில் எவ்வளவு போகும். ஒரு பொனெட் பெயின்ட்டுக்காக வருசக்கணக்காகச் சேர்த்த கழிவை இழப்பது பெரும்பாலும் நட்டம்.

## நான்கு: பாதுகாப்பு ஃபிலிம்

பிபிஎஃப் என்று சொல்கிற இந்தத் தெளிவான பொலியூரித்தேன் ஃபிலிம் 150 முதல் 200 மைக்ரோன் வரை தடிப்பு, அதாவது உங்கள் பெயின்ட் முழுவதையும்விடத் தடிப்பு. கல் பட்டால் அழுந்தி விசையை வாங்கிக்கொள்ளும். இந்தப் பட்டியலில் கல்லை உண்மையாகவே தடுக்கிற பொருள் இது ஒன்றுதான். நல்ல வகைகளில் சின்னக் கீறல்கள் வெயில் சூட்டில் தானாக மறையும்.

ஆனால் இது ஏற்கெனவே உள்ள புள்ளியைத் திருத்தாது, அப்படியே கண்ணாடிக்குள் வைத்தது போலக் காட்டும். ஒட்டுவதற்கு முன் புள்ளிகளை மூடவேண்டும், கறள் இருந்தால் எடுக்கவேண்டும். பிடிமானம் தளர்ந்த பெயின்ட்டில் ஒட்டவே கூடாது, ஃபிலிமைக் கழற்றும் நாளில் பெயின்ட்டும் சேர்ந்து வரும். திரும்ப அடித்த பெனலிலும் அதே பயம் உண்டு, புதிதாக அடித்ததென்றால் நன்றாக இறுகும்வரை ஒட்டக்கூடாது.

செலவு விசயத்தில், முன்பக்கம் முழுக்க ஒட்டுவது ஒரு பொனெட் பெயின்ட்டைவிடப் பல மடங்கு. நன்றாக ஒட்டுகிறவர்கள் பெரும்பாலும் கொழும்பில், அதனால் போய்வருகிற எரிபொருள், கார் அங்கே நிற்கிற நாட்கள், தங்குமிடம் எல்லாம் சேரும். புது ஃபிலிமோடு திரும்பி வந்து ஓரம் கிளம்பினால் திரும்பவும் ஓடவேண்டும். பிவிசியில் செய்த மலிவான ஃபிலிம் இந்த வெயிலில் மஞ்சளாகும், விலை குறைவு என்றால் முதலில் அது என்ன பொருள் என்று கேளுங்கள். பொனெட்டின் முன் பாதிக்கு மட்டும் ஒட்டினால் விலை குறையும், ஆனால் நடுவில் கோடு தெரியும், அந்தக் கோட்டில் தூசி பிடிக்கும், சில வருசத்தில் மூடிய பக்கத்துக்கும் மூடாத பக்கத்துக்கும் மங்கலில் வித்தியாசம் வரும்.

புதிதாக வந்த கார், கொழும்பு ஓட்டம் அதிகம், ஐந்தாறு வருசமாவது வைத்திருக்கிற எண்ணம், இந்த மூன்றும் இருந்தால் ஃபிலிம் நல்ல முதலீடு. முதல் நீண்ட பயணத்துக்கு முன் ஒட்டுங்கள். விளம்பர வேலைக்கு ஒட்டுகிற வினைல் ராப் இதற்குப் பதில் இல்லை, அது மெல்லியது, நிறம் மாற்றத்தான்.

## ஐந்து: செரமிக், மெழுகு, கட் அண்ட் பொலிஷ்

செரமிக் பூச்சு காய்ந்த பிறகு ஒன்றிரண்டு மைக்ரோன் அளவுதான். அதனால் கல்லை நிறுத்த முடியாது, நிறுத்தும் என்று சொல்லி விற்பவரிடம் வாங்கவேண்டாம். அது செய்வது வேறு நல்ல வேலை: தண்ணீர் வழிந்தோடும், உப்பும் காக எச்சமும் இலகுவில் கழுவுப்படும், வெயிலில் மங்குவது குறையும்.

மறைந்த செலவு தயாரிப்பில் இருக்கிறது. செரமிக் போடுமுன் மெசினால் கட் அண்ட் பொலிஷ் செய்வார்கள், ஒவ்வொரு தடவையும் கிளியரில் சில மைக்ரோன் போகும். ஏற்கெனவே பல தடவை பொலிஷ் கண்ட பழைய ஜப்பான் காரில் கிளியர் எவ்வளவு மிச்சம் என்று அளக்காமல் இதைச் செய்யவிடாதீர்கள். கிளியர் போய்விட்டால் திருத்த முடியாது, பெயின்ட் அடிப்பதுதான் வழி. பழைய பெயின்ட்டுக்குக் கையால் பூசுகிற மெழுகே போதும். சில கிழமைகளுக்கு ஒருமுறை திரும்பப் பூசவேண்டும், ஆனால் எதையும் தேய்த்து எடுப்பதில்லை.

## ஒரே பார்வையில்

| | கறளை நிறுத்துமா | கொம்பனி பெயின்ட் | மறைந்த செலவு | எங்கே செய்யலாம் | யாருக்கு |
|---|---|---|---|---|---|
| விடுவது | இல்லை | மிஞ்சும் | உலோகம் தெரிந்தால் பிறகு தகர வேலை | எதுவும் வேண்டாம் | பம்பர், மேலோட்டக் கீறல் |
| டச்சப் | ஆம், ப்ரைமரோடு செய்தால் | மிஞ்சும் | நேரம், சிறு நிற வித்தியாசம் | வீட்டிலேயே | பெயின்ட் உறுதியாக உள்ள பெரும்பாலான கார் |
| பொனெட் பெயின்ட் | ஆம், தயாரிப்பு நன்றாக இருந்தால் | போய்விடும் | விற்கும்போது சந்தேகம், பக்கத்துப் பெனல்கள் | திருகோணமலையில் | உரிகிற பெயின்ட், பரவிய கறள் |
| ஃபிலிம் | இனி வராமல் காக்கும், வந்ததை அல்ல | மிஞ்சும் | பயணம், முன் திருத்தம், கழற்றும் செலவு | பெரும்பாலும் கொழும்பில் | புதுக் கார், நீண்ட ஓட்டம் |
| செரமிக், மெழுகு | கல்லடியில் இல்லை | பொலிஷில் கொஞ்சம் தேயும் | மெல்லிய கிளியர் போகும் ஆபத்து | இங்கேயே | கழுவ எளிதாக வேண்டும் என்பவர் |

## இனி உங்கள் கார்

பத்து வருசம் தாண்டிய அல்டோ, வேகன்ஆர், விட்ஸ் வைத்து வேலைக்கும் பிள்ளைகளின் பாடசாலைக்கும் ஓடுகிறவர்கள்: டச்சப், வருசத்துக்கு ஒருமுறை, மழைக்கு முன். இடையில் வெறும் தண்ணீரால் அடிக்கடி உப்பைக் கழுவிவிடுங்கள், கிணற்றுத் தண்ணீர் சவர் என்றால் கழுவினதும் துடைத்துவிடுங்கள், காயவிட்டால் வெள்ளைக் கறை நிற்கும்.

நிலாவெளிப் பக்கம் சுற்றுலாப் பயணிகளை ஏற்றி ஹபரணை, சிகிரியா என்று ஓடுகிறவர்கள்: வாகனம் பார்வைக்கு நன்றாக இருக்கவேண்டும், அது தொழில். ஆனால் ஒவ்வொரு சீசனுக்கும் பொனெட் அடித்துக்கொண்டிருக்க முடியாது. உலோகம் தெரிகிற புள்ளியை உடனுக்குடன் மூடுங்கள், பம்பரை மட்டும் இரண்டு மூன்று வருசத்துக்கு ஒருமுறை அடியுங்கள். அது பிளாஸ்டிக், அதை அடித்ததற்காக யாரும் காரின் சரித்திரத்தைக் கேட்கமாட்டார்கள். பிளாஸ்டிக்குக்கு உரிய ஒட்டு ப்ரைமர் அடிக்கச் சொல்லுங்கள், இல்லாவிட்டால் தாளாக உரியும்.

2025க்குப் பிறகு புதுசாக எடுத்தவர்கள், முக்கியமாகக் கறுப்பு, கடும் நீலம்: முன்பக்கத்துக்கு ஃபிலிம், காசு போதாவிட்டால் பம்பரை விட்டு முழுப் பொனெட்டும் பக்கக் கண்ணாடி உறைகளும் மட்டும். செரமிக் வேண்டுமென்றால் மற்ற இடங்களுக்குப் போடுங்கள்.

ஆறு மாதத்துக்குள் விற்கப் போகிறவர்கள்: எதையும் அடிக்காதீர்கள். உலோகம் தெரிகிற புள்ளிகளைச் சுத்தமாக மூடிவிட்டு, வருகிறவரிடம் நீங்களே காட்டுங்கள். தடிப்பு அளவு எல்லா இடமும் ஒன்றாக இருப்பதை அவரே அளந்து பார்க்கட்டும், உங்கள் வார்த்தையைவிட அது பலமான சாட்சி.

டேப்பில் பெயின்ட் கழன்று வருகிற வெள்ளைக் கார் வைத்திருப்பவர்களுக்கு மட்டும் என் பதில் வேறு. ஃபிலிமும் வேண்டாம், டச்சப்பும் வேண்டாம், மெசின் பொலிஷ் பக்கமே போகாதீர்கள். உரிகிற பெனலை வெறும் தகரம் வரை எடுத்து எப்பொக்ஸியில் தொடங்கி அடியுங்கள். கூரையும் உரியத் தொடங்கியிருந்தால் அதையும் அதே தடவையில் சேர்த்துப் பேசுங்கள், இரண்டு தடவை கலக்குகிற நிறம் ஒன்றாக வராது. காசு சேரும்வரை காத்திருப்பதென்றால், உரிந்த இடத்தில் ப்ரைமரை மட்டும் பூசி வையுங்கள். பார்க்க நன்றாக இராது, ஆனால் அடுத்த வாடைமழை தகரத்தைத் தொடாது.